கண்ணாடியில் பனி

புலியைப் படமெடுக்கக் காட்டுக்குப் போகும் நண்பர்கள் ராத்திரியே இரண்டு டிஸ்க்கில் காப்பி எடுத்துத் தனித்தனிப் பையில் வைக்கிறார்கள். ஃப்ராங்க் ஹர்லிக்கு அந்த வசதி இல்லை. 1915-ல் அண்டார்டிக் பனியில் 'எண்டூரன்ஸ்' கப்பல் நொறுங்கியபோது, உறையும் தண்ணீரில் இறங்கிக் கண்ணாடி நெகட்டிவ்களை மீட்டார். அத்தனையும் சுமக்க முடியுமா? ஷாக்கிள்டனுடன் உட்கார்ந்து சுமார் 120 பொறுக்கிக்கொண்டு, பிற்பாடு மனசு மாறாதிருக்க மிச்சம் 400-ஐயும் உடைத்தார். கறாரான எடிட்டிங்!

தப்பியவற்றில், 20 ஃப்ளாஷ் வெளிச்சத்தில் பேய் மாதிரி நிற்கும் கப்பல் அபாரம். ஆனால் 1916-ல் எலிஃபண்ட் தீவில் உதவி தேடிப் போகும் படகை வழியனுப்பும் படத்தை ரீடச் செய்து, 'மீட்பு' என்று காட்டிவிட்டார். திரும்பி வருவார்களா என்று தெரியாமல் கையசைத்த மனுஷர்கள் சார் அவர்கள்!