சட்டத்தில் ஒரு சொற்றொடர்

மலாயாப் பழங்குடியினரின் பாதுகாப்பும் முன்னேற்றமும் கருதி ஆங்கிலேயர் ஆட்சியில், 1954-இல், ஒரு சட்டம் இயற்றப்பட்டது. முகப்பு அழகியது, உள்ளே ஒரு தொடர் நெருடுகிறது. அம்மக்களுக்கு அளிக்கப்படும் குடியிருப்புரிமை, நிலத்துக்குரியவர் விரும்பும்வரை தங்கும் குடிக்கூலிக்காரரின் உரிமைக்கு மேற்பட்டதன்று என்பதே அது. வந்தவர் எழுதிய ஏட்டில் இருந்தவர் குடிக்கூலிக்காரர் ஆயினர்!

இந்நோக்கின் விளைவை ஜொகூர் லிங்கியு பள்ளத்தாக்கில் காணலாம். சிங்கப்பூருக்கு நீர் வழங்க அங்கே அணை எழுந்தபோது, ஜக்கூன் மக்களின் பழமரங்களுக்கும் பயிருக்குமே ஈடு தரப்பட்டது. மரம் நின்ற மண் கணக்கில் வரவில்லை. அடோங் பின் குவாவ் வழக்கில் உயர்நீதிமன்றம் அவர்தம் வழிவழி நிலவுரிமையை ஏற்று, 2 கோடியே 65 லட்சம் வெள்ளி ஈடு வழங்கப் பணித்தது. தீர்ப்பு நன்றே. ஆயினும், அதன் பின்னும் அத்தொடர் சட்டத்தினின்று நெடுநாள் நீங்கவில்லை.