கையில் அமையும் கண்காட்சி – தயானிதா சிங்கின் நிழற்பட நூல்கள்

ஆயகலைகளை அறுபத்து நான்கு என்று வகுத்தோர் காலத்தில் நிழற்படக் கலை இல்லை. பின்வந்த கலையாதலின் அதனை முழுமனத்தோடு கலை என்று ஏற்க நாம் இன்னும் தயங்குகிறோம். திருமண வீட்டில் அதற்கு மதிப்புண்டு. அடையாள அட்டைக்கு அதன் தேவையுண்டு. நம் வீட்டுப் பிள்ளை ஒன்று 'நிழற்படக் கலை பயிலப்போகிறேன்' என்று சொல்லும்போது மட்டும் கூடத்தில் அமைதி சூழ்கிறது. பிறந்த ஊரைவிட்டுப் பெருநகர்களில் குடியேறி, கல்வி ஒன்றையே முதலாகக் கொண்டு நிலைபெற்ற குடும்பங்கள் நம்முடையவை. எனவே அந்த அமைதியைக் குறை சொல்வதற்கில்லை. அப்பிள்ளை யாரிடம் பணி பழகும்? கற்றதை எங்கே வைத்துக் காட்டும்? காட்டியது எவ்வாறு நிலைக்கும்? இம்மூன்று வினாக்களும் நியாயமானவையே.

இவ்வினாக்களுக்கு விடை தேடுவோர் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 1961-ஆம் ஆண்டு புதுதில்லியில் பிறந்து, இந்நகரையே தம் இருப்பிடமாகக் கொண்டு, உலகப் புகழ் எய்தியவர் தயானிதா சிங். நிழற்பட உலகில் மிக உயர்வாகக் கருதப்படும் ஹாசல்பிளாட் விருது 2022-இல் அவருக்கு வழங்கப்பெற்றது. எனினும் விருதுகளை எண்ணுவது நம் நோக்கமன்று. அவருடைய நூல்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவை எங்கே சிறக்கின்றன, எங்கே குறைகின்றன என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நம் கருத்தை முன்னரே கூறிவிடலாம். மாணவப் பருவத்தில் ஒரு மனிதரை விடாது தொடர்ந்து அவர் பெற்ற பாடமே பிற்கால நூல்கள் அனைத்திற்கும் அடிப்படை. அப்பாடம் உயிரோடு நிற்கும் நூல் உயர்கிறது. அது தளரும் இடத்தில் அழகு மட்டுமே எஞ்சுகிறது.

ஆறு பனிக்காலங்கள்

அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் தயானிதா 1980 முதல் 1986 வரை பயின்றார். அவர் பயின்றது காட்சித் தொடர்பியல். எழுத்து, அச்சு, பக்க அமைப்பு ஆகியவற்றின் நடுவே நிழற்படமும் அங்கு ஒரு பாடம். படத்தைத் தனியே கற்காமல் பக்கத்தோடு சேர்த்துக் கற்றது அவர் பெற்ற முதற்பேறு எனலாம்.

இரண்டாவது பேறு ஓர் அவமானத்தின் வழியாக வந்தது. வகுப்புப் பணிக்காகத் தபலா மேதை ஜாகிர் உசேனைப் படமெடுக்கச் சென்ற மாணவியை, நிகழ்ச்சி நடத்தியோருள் ஒருவர் தடுத்துத் தள்ளினார். அவையோர் காணக் கீழே விழுந்த அம்மாணவி, நிகழ்ச்சி முடிந்ததும் கலைஞரை அணுகி, இன்று தாம் மாணவியே எனினும் ஒருநாள் பெயர்பெற்ற நிழற்படக் கலைஞராகப் போவதாகவும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றும் பொருள்படக் கூறினார். இது அவரே பலமுறை எடுத்துரைத்த வரலாறு. ஜாகிர் உசேன் சினங்கொள்ளவில்லை, படமெடுக்க இசைந்தார். அமெரிக்காவில் வாழ்ந்த அவர் கச்சேரிக் காலமாகிய பனிக்காலத்தில் தாயகம் வருவார். அவ்வாறு ஆறு பனிக்காலங்கள் அம்மாணவி அவருடன் ஊர் ஊராகச் சென்றார்.

தொழிற்கல்வி பயில்வோர் ஓர் அலுவலகத்தில் சில வாரங்கள் பணிபழகிச் சான்றிதழ் பெறுவதை இன்று காண்கிறோம். தயானிதா பெற்றது அத்தகைய பயிற்சியன்று. ஆசிரியர் வீட்டில் தங்கி, அவர் மிருதங்கத்தைச் சுமந்து, இரயிலில் அவருடன் சென்று, கச்சேரி கேட்டுக் கேட்டுக் கற்ற தஞ்சைச் சீடர்களின் பயிற்சிக்கே அது நெருக்கமானது. வேறுபாடு ஒன்றே. இங்கே ஆசிரியர் தபலாக் கலைஞர். மாணவி கற்றதோ நிழற்படம். ஒரே பணியில் மனத்தை ஒருமுகப்படுத்தி நாள்தோறும் பழகுவதை அவரிடமே கற்றதாகத் தயானிதா கூறுவார். அவரையே தம் முதற்குரு என்றும் குறிப்பிடுவார்.

அப்பயிற்சியின் விளைவாக 1986-இல் 'ஜாகிர் உசேன்' என்னும் நூல் வெளிவந்தது. மாணவியாக இருந்தபோது படங்களை ஒட்டி, உரையைத் தம் கையாலேயே எழுதி அவர் அமைத்த மாதிரி நூலை ஜெர்மனியின் ஸ்டைடல் பதிப்பகம் 2019-இல் அவ்வாறே அச்சிட்டது. மேடையில் விரல்கள் பறக்கும் கலைஞரை எவரும் படமெடுக்கலாம். மேடையைவிட்டு இறங்கி, வீட்டாரிடையே மகனாகவும் கணவராகவும் அமரும் மனிதரைக் காண்பதற்கு ஆறு ஆண்டுப் பழக்கம் வேண்டும். கலைஞரிடமும் அவர் குடும்பத்தாரிடமும் மாணவி கேட்டறிந்த செய்திகள் படங்களோடு இணைந்து வருவதால், நூல் புகழ்மாலையாகாமல் ஒரு வாழ்க்கையைக் காட்டுகிறது. 2024 டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்தபின் இந்நூல் மேலும் அரியதாகிவிட்டது. கைத்தொழிலின் தடங்கள் மறையாத இந்த மாதிரி நூலே, நம் மதிப்பீட்டில், மாணவர் எவரும் முதலில் காண வேண்டியது.

திருப்பிக் கொடுத்த படச்சுருள்

மேற்படிப்புக்காக 1987-இல் அவர் நியூயார்க்கிலுள்ள சர்வதேச நிழற்பட மையத்திற்குச் சென்றார். தம் திருமணத்திற்கென ஒதுக்கிய சீதனப் பணத்தையே அதற்குப் பயன்படுத்தியதாக அவர் கூறியிருக்கிறார். பெண் மக்களைப் பெற்ற நம் இல்லங்களில் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது.

திரும்பி வந்தபின் அயல்நாட்டு இதழ்களுக்குப் படமெடுத்துக் கொடுப்பது அவர் தொழிலாயிற்று. 1989-இல் இலண்டன் நாளிதழ் ஒன்றுக்காகத் தில்லியின் திருநங்கையரைப் படமெடுக்கச் சென்றார். அங்கே மோனா அகமது அன்போடு வரவேற்றுப் படமெடுக்க இசைந்தார். ஆனால் படங்கள் இங்கிலாந்தில் வெளிவரும் என்று அறிந்ததும், அங்குத் தம் உறவினர் உள்ளமையால், படச்சுருளைத் திருப்பிக் கேட்டார். தயானிதா மறுக்காமல் கொடுத்துவிட்டார். இதழுக்குப் படம் இல்லாமற் போயிற்று. ஆனால் மோனா 2017-இல் மறையும் வரை நீடித்த நட்பு அன்று பிறந்தது.

பணியிடத்தில் இளையோர் கற்க வேண்டிய மிகக் கடினமான பாடம் இதில் அடங்கியுள்ளது. எடுத்த படத்தைக் கொடுத்துவிடுவது தொழிலுக்கு நட்டம். ஆயினும் படத்தில் உள்ளவரின் விருப்பத்தை மீறிப் பெறும் வெற்றி கலைக்கு நட்டம். 2001-இல் 'மைசெல்ஃப் மோனா அகமது' என்னும் நூல் வெளிவந்தபோது, அதன் உரையாக அமைந்தவை மோனா பதிப்பாளருக்கு அனுப்பிய மின்னஞ்சல்களே. படம் எடுத்தவர் தாமே விளக்கம் கூறாமல், படத்தில் உள்ளவரைப் பேசவிட்டார். வளர்ப்பு மகளைப் பிரிந்த துயரும், இடுகாட்டில் வாழ்ந்த தனிமையும், அவற்றினூடே மங்காத நகையுணர்வும் அவர் சொற்களிலேயே வெளிப்படுகின்றன. தயானிதாவின் நூல்களுள் தலையாயது இதுவே என்பது நம் துணிபு.

வீட்டுக் கொலுவும் கலைக்கூடமும்

இதழ்ப் பணியைப் பின்னர் விட்டொழித்த தயானிதா, கண்காட்சி என்பதையே புதிதாக எண்ணிப் பார்க்கலானார். சட்டமிட்ட படங்கள் சுவரில் சில வாரங்கள் தொங்கும், சிலர் வாங்குவர், பின் சுவர் வெறிச்சோடும். நூலோ ஆயிரக்கணக்கில் அச்சாகும். ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் செல்லும். எனவே நூலையே கண்காட்சியாக்க அவர் முனைந்தார்.

2008-இல் வந்த 'சென்ட் எ லெட்டர்' ஒரு பெட்டிக்குள் அடங்கிய ஏழு சிறு நூல்கள். ஒவ்வொன்றும் விசிறி மடிப்பாக மடிக்கப்பட்டது. விரித்து அலமாரியில் நிறுத்தினால் அதுவே ஒரு சிறு கண்காட்சி. கல்கத்தா, வாரணாசி முதலிய ஊர்களோடு நம் குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரத்திற்கும் அதில் ஒரு நூல் உண்டு. மற்றொன்று அவர் அன்னை நோனி சிங் எடுத்த படங்களால் ஆனது. இல்லத்தின் படங்களை எடுத்துப் பேணிய அன்னையைத் தம்மோடு ஒப்ப வைத்த பண்பு போற்றத்தக்கது.

இவ்வமைப்பைப் புதுமை என்று மேலை நாட்டார் பாராட்டுகின்றனர். நமக்கோ இது அயலானதன்று. நவராத்திரியில் நம் இல்லப் பெண்டிர் வைக்கும் கொலு என்ன? பொம்மைகள் பெரும்பாலும் பழையனவே, படியும் பழையதே. எதனருகே எதை வைப்பது என்பதிலேதான் ஆண்டுதோறும் புதுமை பிறக்கிறது. தயானிதா பின்னர் அமைத்த 'அருங்காட்சியகங்கள்' இத்தகையனவே. விரிக்கவும் மடிக்கவும் கூடிய மரச்சட்டங்களில் படங்கள் செருகப்பட்டிருக்கும். வேண்டும்போது இடம் மாற்றலாம். இவற்றைத் தில்லியின் கிரண் நாடார் அருங்காட்சியகத்தில் 2015–16-இல் பலரும் கண்டனர். இவையே சுருங்கி 2017-இல் 'மியூசியம் பவன்' என்னும் நூற்பெட்டியாயின. அவ்வாண்டின் சிறந்த நிழற்பட நூலுக்குரிய பாரிஸ் ஃபோட்டோ–அப்பர்ச்சர் பரிசும் அதற்குக் கிடைத்தது.

இங்கு ஒரு குறையையும் சுட்டுதல் கடமை. எல்லோர் கைக்கும் எட்டுவதற்காகவே நூலைத் தேர்ந்ததாகக் கூறுவது உயர்ந்த எண்ணம். ஆயினும் ஜெர்மனியில் நேர்த்தியாக அச்சாகும் இந்நூற்பெட்டிகள் நம் நாட்டு மாணவர் கைக்கு எளிதில் எட்டுவனவல்ல. கொலு வைக்கும் வீடுகளுக்கு எட்டாத கொலுவாக இது நின்றுவிடலாகாது.

கோப்பறை பேசுமா?

2013-இல் வெளிவந்த 'ஃபைல் ரூம்' என்னும் நூலைப் பற்றிப் பேச, அலுவலகத்தில் வாழ்நாளைக் கழிக்கும் நம்போன்றோருக்குச் சற்றுக் கூடுதல் உரிமை உண்டு. கோப்பறைகளும் ஆவணக் காப்பகங்களுமே அதன் பொருள். கூரை தொடும் இரும்புத் தட்டுகள், துணியில் முடிந்த காகித மூட்டைகள், நாடா கட்டிய கட்டுகள், ஓரம் மடங்கி நைந்த தாள்கள், அவற்றிடையே ஒரு நாற்காலி, ஓர் ஏணி – யாவும் கறுப்பு வெள்ளையில் அமைதியாக நிற்கின்றன. அவ்வாண்டு வெனிஸ் நகரின் நூறாண்டுகளுக்கும் மேற்பட்ட மரபுடைய பன்னாட்டுக் கலைவிழாவில், ஜெர்மனி நாட்டின் சார்பில் இடம்பெற்ற நால்வருள் ஒருவராகத் தயானிதா இப்படங்களைக் காட்சிக்கு வைத்தார்.

கோப்புகள் மின்வடிவம் பெற்றுவரும் இந்நாளில் இந்நூலின் மதிப்பு பெரிது. காகிதத்திற்கு உடல் உண்டு என்பதை அது காட்டுகிறது. சுவடிகளைத் துணியில் கட்டி வைத்துக் காத்த மரபில் வந்த நமக்கு அம்மூட்டைகள் அந்நியமானவையல்ல. சில படங்களில் காப்பாளர் தம் கட்டுகளிடையே நிற்கிறார். எந்தக் கட்டு எத்தட்டில் உள்ளது என்பதைப் பதிவேடு பாராமல் சொல்லவல்ல மனிதர்களை நாம் அறிவோம். அவர் ஓய்வு பெறும் நாளில் அறையின் நினைவாற்றலில் பாதி அவரோடு போய்விடும். அவ்வுண்மையை அப்படங்கள் சொல்லாமற் சொல்கின்றன.

ஆனால் காப்பாளர் இல்லாத பக்கங்கள் பல. எந்த ஊர், எந்த அலுவலகம் என்ற குறிப்பின்றி அடுக்கடுக்காக வரும் கட்டுகள் மெல்ல மெல்லக் கோலமாகிவிடுகின்றன. கோடும் வளைவும் கண்ணைக் கவர்கின்றன. ஆனால் ஒவ்வொரு கட்டுக்குள்ளும் கணவரை இழந்தவரின் குடும்ப ஓய்வூதிய மனு இருக்கும்; எல்லைத் தகராறு இருக்கும்; பிறந்த நாளைத் திருத்தக் கோரி எழுதிய விண்ணப்பம் இருக்கும். கோப்பு கலைப்பொருளாகும்போது மனுதாரர் மறைந்துபோகிறார்.

பெயர் குறியாமையே இந்நூலின் வலிமை, அதனால் அது எல்லாக் கோப்பறைகளுக்கும் பொதுவாகிறது என்று வாதிடலாம். அவ்வாதத்தில் உண்மை உண்டு. அந்தந்த அலுவலகத்தின் எண்ணை எழுதியிருந்தால் நூல் ஓர் அறிக்கையாகச் சுருங்கியிருக்கலாம். ஆயினும் மோனாவுக்குப் பேச இடம் தந்த அதே கலைஞர், கோப்பறைக் காப்பாளர்களுக்கும் அவ்வாறு இடம் தந்திருந்தால் நூல் எவ்வளவு உயர்ந்திருக்கும்! ஆறு பனிக்காலங்களின் பாடம் இங்கே பாதியளவே செயற்பட்டிருக்கிறது. எனவே 'ஃபைல் ரூம்' அழகிய நூல், தேவையான நூலும்கூட, ஆனால் முழுமை பெற்ற நூலன்று.

நிறைவாக

தொடக்கத்தில் எழுப்பிய மூன்று வினாக்களுக்கும் இந்நூல்கள் விடை கூறுகின்றன. யாரிடம் பணி பழகுவது? தம் தொழிலில் ஆழ்ந்த எவரிடமும் பழகலாம். அவர் நிழற்படக்காரராக இருக்க வேண்டுவதில்லை. எங்கே காட்டுவது? பெரிய கூடம் கிடைக்கும்வரை காத்திராமல், கையால் ஒட்டி எழுதிய ஒரு மாதிரி நூலில் காட்டலாம். எவ்வாறு நிலைப்பது? படத்திலுள்ள மனிதரோடு கொண்ட உறவின் ஆழத்தைப் பொறுத்து நிலைக்கும்.

எல்லோரும் தயானிதா ஆகிவிட மாட்டார்கள். வருவாய் நிச்சயமற்ற தொழில் இது என்பதையும் மறைப்பதற்கில்லை. அதனை எடுத்துச் சொல்வது பெற்றோர் கடமை. ஆனால் 'எந்தக் கருவி வேண்டும், அதன் விலை என்ன?' என்று கேட்பதோடு நில்லாமல், 'யாரை, எதனை, எத்தனை ஆண்டுகள் தொடர்ந்து பார்க்கப் போகிறாய்?' என்றும் நம் பிள்ளைகளைக் கேட்போமாக. அவ்வினாவுக்குத் தெளிவான விடை கூறும் பிள்ளையின் படிப்பை வீண் என்று தள்ளுவது தகாது.