உப்புக்காற்றில் மூன்று சீப்புகள்: நாய்களின் ரோம உதிர்வுக்கான வீட்டுக் கருவிகள் குறித்த ஒரு மதிப்பீடு

நாய்களின் ரோமம் வசந்தத்தில் ஒருமுறையும் இலையுதிர் காலத்தில் ஒருமுறையும் கொத்துக்கொத்தாக உதிரும் என்றும், அந்த வாரங்களில் மட்டும் கருவியைத் தீவிரமாகப் பயன்படுத்தினால் போதும் என்றும், ரோமம் அகற்றும் கருவிகளோடு வரும் குறிப்புத்தாள்கள் பெரும்பாலும் சொல்கின்றன. குளிர்நாடுகளுக்கு இது பொருந்தும். உதிர்வை முதன்மையாகத் தூண்டுவது பகற்பொழுதின் நீள மாற்றமே. வெப்பநிலையும் ஊட்டமும் அதற்கு அடுத்த நிலையில்தான் வருகின்றன. லண்டனில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே எட்டரை மணி நேரத்துக்கும் மேலான வேறுபாடு இருக்க, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் கிடக்கும் கடற்கரை ஊரான தொண்டியில் அது சுமார் ஒரு மணி பத்து நிமிடம் மட்டுமே. ஆகவே இக்கடற்கரையில் வளரும் நாயின் உடலுக்கு, ரோமத்தை மாற்றிக்கொள்ளும்படி சொல்லும் அறிகுறி தெளிவாகக் கிடைப்பதில்லை. மாசி, பங்குனியில் வெயில் ஏறும்போது சற்றுக் கூடினாலும், உதிர்வு ஆண்டு முழுவதும் பரவியே நிகழ்கிறது. இரவு வெகுநேரம் வரை விளக்கெரியும் வீட்டுக்குள் வளரும் நாய்க்கு இது இன்னும் பொருந்தும். எனவே இங்கு கருவியைத் தேர்வதற்குப் பருவத்தைக் கணக்கில் கொள்வதைவிட, நாயின் ரோம வகையைக் கணக்கில் கொள்வதே சரி.

ரோம வகை என்பது அடுக்கைக் குறிக்கும். நீண்டு, தடித்து, நீரையும் வெயிலையும் தாங்கும் வெளி ரோமத்துக்கு மேல்ரோமம் என்றும், அதன் அடியில் பஞ்சு போல நெருங்கி, காற்றைச் சிறைப்பிடித்து உடல் வெப்பத்தைச் சீராக்கும் மென்மயிருக்கு அடிரோமம் என்றும் பெயர். லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ஊரில் பொதுவாகப் பொமரேனியன் என்று அழைக்கப்படும் வெள்ளைக் குட்டை நாய் ஆகியவற்றுக்கு இரண்டு அடுக்கும் உண்டு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகிய தென்தமிழக இனங்களுக்கும் தெருவிலிருந்து வீட்டுக்கு வந்து சேரும் நாட்டு நாய்களுக்கும் தோலோடு ஒட்டிய குறுரோமமே பிரதானம். அடிரோமம் பெயரளவுக்குக்கூட இருப்பது அரிது. இந்திய அஞ்சல் துறை 2005ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியிட்ட நாய் இன அஞ்சல்தலைகளுள் ராஜபாளையமும் ஒன்று. இளஞ்சிவப்புத் தோலின்மேல் வெள்ளைக் குறுரோமம் படிந்த அதன் உடலமைப்பை மனத்தில் கொண்டால், கீழே கூறப்படும் குறைகள் எளிதில் விளங்கும்.

முதலாவது கருவி, பர்மினேட்டர் என்ற பெயரில் பரவலாக அறியப்பட்டு, இன்று பல பெயர்களில் விற்கப்படும் உலோக விளிம்புச் சீப்பு. கைப்பிடியின் நுனியில் பேன் சீப்பைவிடக் குறுகிய எஃகுப் பற்கள் ஒரே வரிசையில் நெருக்கமாக நிற்கின்றன. சில மாதிரிகளில் பற்களில் சிக்கிய ரோமத்தைத் தள்ளிவிட ஒரு பொத்தானும் உண்டு. உலர்ந்த லேப்ரடாரின் பிட்டத்திலும் பின்தொடையிலும் ரோமம் வளரும் திசையில் இதை இழுத்தால், சாம்பல் நிற அடிரோமம் கொட்டிய பஞ்சு போலத் திரண்டு பற்களின் மேல் ஏறி நிற்பதைக் காணலாம்; இவ்வேலையில் இதற்கு இணையான கைக்கருவி குறைவு. ஆனால் உலோக விளிம்பு கூர்மையாக இருப்பின், அது செத்த ரோமத்தை மட்டும் உருவாமல், உயிருள்ள மேல்ரோமத்தையும் இடையில் அறுத்துவிடும் என்பதால், ஒரே இடத்தில் பத்துப் பதினைந்து முறை இழுக்கும் ஆர்வம் சில வாரங்களில் சொட்டையாக வெளிப்படும். ராஜபாளையத்தின் மேல் இச்சீப்பு எடுப்பதற்கு அடிரோமமே இல்லாததால், பற்கள் நேரே தோலைத் தொட்டு மெல்லிய சிவந்த கோடுகளை விட்டுச் செல்கின்றன. கருவி கெட்டதன்று, ஆனால் அது அந்த நாய்க்கானது அன்று.

இரண்டாவது, உள்ளங்கையில் ரப்பர் முளைகள் பதித்த கையுறை. விலை சில நூறு ரூபாய்க்குள் அடங்குவதாலோ என்னவோ, கடைக்காரர்களே இதை அரை மனத்தோடுதான் எடுத்துக் காட்டுகிறார்கள். கழுத்திலிருந்து வால் நோக்கி வட்ட வட்டமாகத் தேய்க்கும்போது, ரப்பரின் உராய்வு தளர்ந்த குறுரோமத்தைப் பிடித்து, முளைகளின் இடையே மெல்லிய கம்பளித் தகடு போலச் சேர்த்துவிடுகிறது. முடிந்ததும் அதை ஓரத்தில் நகத்தால் கிளப்பினால் ஒரே ஏடாக உரிந்து வரும். கைலியிலும் கோரைப்பாயிலும் ஊசியாகக் குத்தி நின்று, எத்தனை முறை துடைப்பத்தால் பெருக்கினாலும் போகாத அந்த வெள்ளை ரோமத்தை விழுவதற்கு முன்பே பிடிக்கும் கருவி இதுதான். தேய்க்கும் கைக்கு நாயின் தோல் நன்கு தெரிவதால், காதின் பின்புறத்திலும் விரலிடுக்கிலும் ஒட்டிய உண்ணி உடனே அகப்படுவது மற்றொரு பயன். நாய்களுக்கு உயிர்க்கொல்லிக் காய்ச்சலைப் பரப்பும் பழுப்பு உண்ணி வெப்பமான ஊர்களில் ஆண்டு முழுவதும் பெருகுவது என்பதால், இப்பயனைச் சிறிதென்று கொள்ள இயலாது. அடர்ந்த அடிரோமத்துக்குள் மட்டும் இக்கையுறை இறங்காது.

மூன்றாவது, இக்காலத்தில் மிகுந்த விளம்பரத்தோடு விற்கப்படும் வேக்கும் குரூமிங் பெட்டி. காற்றை உறிஞ்சும் சிறிய மோட்டார், அதனோடு இணைந்த குழாய், குழாய்முனையில் மாற்றி மாற்றிப் பொருத்தக்கூடிய தூரிகை, உலோகச் சீப்பு, முடிவெட்டும் கிளிப்பர் ஆகியவற்றின் தொகுதி இது. சீவும் கணத்திலேயே ரோமம் குழாய்வழி இழுக்கப்பட்டுப் பெட்டிக்குள் அடைபடுகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் திண்ணையில் சீவப்பட்ட ரோமம் திரும்பவும் அடுக்களைக்குள் பறந்து வரும் கடலோர வீட்டுக்கு இது மெய்யான வசதி. அதே நேரத்தில், ஒவ்வாமைக்கு இது தீர்வாகும் என்ற நம்பிக்கை பாதியளவே உண்மை. ஒவ்வாமையைத் தூண்டுவது நாயின் எச்சிலிலும் தோல்செதிலிலும் உள்ள புரதங்களே அன்றி, ரோமம் அன்று.

இப்பெட்டியின் குறைகள் ஊரைப் பொறுத்தவை. கடற்கரையில் புரண்டு வந்த நாயின் உடலிலிருக்கும் நுண்மணல் ரோமத்தோடு சேர்ந்து உறிஞ்சப்பட்டு வடிகட்டியை அடைத்துவிடுவதால், உறிஞ்சும் விசை விரைவில் தளர்கிறது. ஆகவே முதலில் துணியால் மணலைத் தட்டிவிட்ட பின்பே குழாயை எடுக்க வேண்டும். மனிதர் கேட்கும் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் என்றிருக்க, நாய் அதைப்போல இரு மடங்குக்கும் மேலான அதிர்வெண் வரை கேட்கும் என்பதால், நமக்கு விசிறியின் இரைச்சலாகத் தோன்றும் மோட்டார் ஒலி அதற்கு வேறொன்றாக இருக்கக்கூடும். சில நாட்கள் பெட்டியைச் சீவாமல் ஓடவிட்டு, அருகில் கருவாட்டுத் துண்டுக்குப் பதிலாகப் பிஸ்கட் கொடுத்துப் பழக்குவது அவசியம். (கருவாட்டின் உப்பு நாய்க்கு ஆகாது.) எல்லாவற்றையும்விடக் கவனத்துக்குரியது, கூடவே வரும் கிளிப்பர். கையில் இருப்பதாலேயே கோடையில் லேப்ரடாரை ஒட்ட மழிக்கும் எண்ணம் எழுகிறது. ஆனால் நாய் உடல் வெப்பத்தைத் தணிப்பது பெரும்பாலும் நாக்கை நீட்டி மூச்சிரைப்பதன் மூலமே ஆதலால், மழிப்பது குளிர்ச்சியைத் தருவதினும் வெயிற்காப்பை இழக்கச் செய்வதே மிகுதி. இரட்டை அடுக்கு ரோமம் பழையபடி வளரும் என்பதற்கும் உறுதியில்லை.

எந்தக் கருவியாயினும் சீவுதல் குளிப்பதற்கு முன்பே நடைபெற வேண்டும். நனைந்த அடிரோமம் சிக்குப்பட்டுத் திரைந்து, ஈரத்தைத் தோலோடு பூட்டிவைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல்புண் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான். நல்ல தண்ணீரைக் குடத்தில் எண்ணிப் பிடிக்கும் வீடுகளில் ஆழ்குழாய் உப்புநீரால் குளிப்பாட்டுவது தவிர்க்க முடியாததாயினும், கடைசி ஒரு வாளி மட்டும் நல்ல தண்ணீராக இருந்தால் தோல் வறண்டு செதிலாவது குறையும். உப்புக்காற்று எஃகுப் பற்களையும் விடுவதில்லை; பயன்படுத்திய பின் துடைத்து, சிறிது தேங்காய் எண்ணெய் தடவி, மூடியுள்ள டப்பாவில் வைக்கத் தவறினால், விளிம்பில் பழுப்புப் புள்ளிகள் விழுந்து ரோமத்தை உருவுவதற்குப் பதிலாகப் பிடித்திழுக்கும். கிளிப்பருக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் பிசுக்கேறும். தையல் மிஷின் எண்ணெயே உகந்தது. வட்ட வட்டமான சொட்டையோ, சிவப்போ, ஓயாத சொறிதலோ தென்பட்டால் அது உதிர்வன்று, நோய். சீப்பை வைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, நாட்டு நாய் வளர்ப்போர் ரப்பர் கையுறைக்கு மேல் செலவிடத் தேவையில்லை. வாரத்தில் மூன்று நாள், பத்து நிமிடம் போதும். லேப்ரடாருக்கு உலோக விளிம்புச் சீப்பை வாரத்துக்கு ஒருமுறை, ஓரிடத்தில் நாலைந்து இழுப்புக்கு மிகாமல் பயன்படுத்தலாம். வேக்கும் பெட்டி இரண்டு மூன்று பெரிய நாய்கள் உள்ள வீட்டுக்கே தகும். அதை வாங்குவோர், உதிரி வடிகட்டி தனியாகக் கிடைக்குமா என்று விற்பவரிடம் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கிடைக்காது என்றால், தொண்டி மணலுக்கு அந்தப் பெட்டி நெடுநாள் தாங்காது.