ஆளில்லாக் காடு

1999இல் ஜேர்மனியில் 'ஆண்டின் விளையாட்டு' என்னும் பரிசினைப் பெற்றது 'திக்கால்'. வொல்ஃப்காங் கிராமர், மிக்காயேல் கீஸ்லிங் ஆகிய இருவரின் ஆக்கம் அது. குவாத்தமாலாக் காட்டில் மாயர் என்னும் தொல்குடியினரின் பழங்கோயில்களைத் தேடும் ஆய்வுக் குழுவினராக ஆடுவோர் இயங்குகின்றனர். அறுகோணத் தகடுகளை ஒவ்வொன்றாக இணைக்குந்தோறும் காடு விரிகின்றது. கோயில் அடுக்கடுக்காக வெளிப்படுகின்றது. எவருடைய ஆட்கள் மிகுதியோ, அக்கோயிலின் புள்ளி அவருக்கே. ஒரு முறைக்குச் செயற்புள்ளிகள் 10 மட்டுமே. புதியதைத் தேடுவதா, கண்டதைக் காப்பதா என்னும் இக்கட்டே ஆட்டத்தின் உயிர். அதன் நுட்பத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால், அக்காட்டில் மாயர் எங்கே? கோயில் உண்டு, புதையல் உண்டு, கோயிலுச்சியில் காவலனை நிறுத்தி அதனை இறுதிவரை தமதாக்கிக்கொள்ளும் வெளியாரும் உண்டர். மாயர் ஒருவர்தாமும் இலர்! அதே 1999 பெப்ரவரியில், குவாத்தமாலாவின் உண்மை ஆணைக்குழு தன் அறிக்கையை வெளியிட்டது. 1960 முதல் 1996 வரை நீடித்த உள்நாட்டுப் போரில் மாண்டோரும் காணாமற் போனோரும் 2 இலட்சத்துக்கு மேல்; முழுமையாக அடையாளங் காணப்பட்டோருள் 83 வீதத்தினர் மாயர்.

ஆக்கியோரிடம் வஞ்சகம் கண்டோமல்லேம். நிலத்தை ஆளற்றதாக வரைந்தமையாற்றான் விதிகள் இத்துணைச் சீராக இயங்குகின்றன. உழுதுண்ணும் மாயர் குடும்பமொன்றை ஒரு தகட்டில் வைத்திருப்பின், அதனை அகற்றச் செயற்புள்ளி எத்தனை என்பதையும் விதிநூலில் எழுத நேர்ந்திருக்கும்.