ஓர் அங்குலச் சிப்பாய்

சிறுவர் விளையாடும் பொம்மைக்கும் திறனாய்வா என்று வாசக அன்பர்கள் வியக்கலாம். எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று ஒரு நூலைக் கேட்பதுபோல ஒரு பொம்மையையும் கேட்கலாம் என்பதே என் கருத்து. அதிலும், வரலாற்றைக் காட்டுவதாகக் கூறி விற்கப்படும் பொம்மை, நம் பிள்ளைகளுக்கு நூல்களை முந்திக்கொண்டு பாடம் நடத்திவிடுகிறது.

நண்பர் ஒருவரின் இல்லத்தில் அண்மையில் அத்தகைய பெட்டி ஒன்றைக் கண்டேன். இரண்டாம் உலகப் போரின் இத்தாலியக் காலாட்படையினர் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டு, தரைவிரிப்பின்மீது அணிவகுத்து நின்றனர். நண்பரின் இளைய மகன் அவர்களில் ஒருவனைக் கையிலெடுத்து, "வாப்பா, இவன் நல்லவனா, கெட்டவனா?" என்று வினவினான். வாப்பா என்னைப் பார்த்தார். உடனே விடை கூற எனக்கும் இயலவில்லை.

இவ்வகைச் சிற்றுருவங்களை இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1959இல் வெளியிடத் தொடங்கியது. பின்னர் பல நாட்டு நிறுவனங்களும் இத்துறையில் இறங்கின. மனித உருவை 72இல் ஒரு பங்காகக் குறுக்குவது இவற்றில் பெருவழக்கு. ஆளின் உயரம் ஓர் அங்குலத்திற்கும் சற்றுக் குறைவு. அந்தச் சிற்றளவிலும் வார்ப்புக் கலைஞர்கள் காட்டும் நுணுக்கம் போற்றத்தக்கது. 1933ஆம் ஆண்டு மாதிரித் தலைக்கவசத்தின் வளைவும், கணுக்காலிலிருந்து முழங்கால்வரை சுற்றிய துணிப்பட்டையும் பிசகாமல் அமைந்துள்ளன. 1836இல் தோற்றுவிக்கப்பட்ட பெர்சாலியேரிப் படையினரின் கவசத்தில் காட்டுக்கோழி இறகுக்கொத்து தொங்குகிறது. 45 மில்லிமீட்டர் பிரிக்சியா மோர்ட்டார்கூட அடையாளம் காணும்படி உள்ளது. கைத்திறனில் குறை சொல்ல இடமில்லை.

நம் குறை வேறு. பிரெடா 30 என்னும் இலகு இயந்திரத் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். பொம்மை வீரன் அதனைத் தரையில் ஊன்றி, அமைதியாகக் குறிபார்க்கிறான். உண்மையான பிரெடாவோ ஒரு தடவைக்கு 20 தோட்டாக்களே கொள்ளும். தோட்டா சிக்காதிருக்க அதற்கு எண்ணெய் பூசும் அமைப்பு ஒன்று உண்டு. அந்த எண்ணெயில் பாலைவனத்து மணல் ஒட்டிக்கொள்ள, வேண்டிய நேரத்தில் துப்பாக்கி அடைத்துக்கொள்ளும். வார்ப்பில் துப்பாக்கி இருக்கிறது. அதைப் பிடித்தவன் பட்ட பாடு இல்லை.

தோளிலுள்ள கார்கானோத் துப்பாக்கியோ இன்னும் நீண்ட கதை உடையது. அது 1891ஆம் ஆண்டு மாதிரி. 1911இல் திரிப்போலியில் இறங்கிய இத்தாலியப் படையும், 1935 அக்டோபரில் எத்தியோப்பியாவின்மீது பாய்ந்த படையும் அதனையே ஏந்தின. எத்தியோப்பியாவில் நச்சுப் புகையும் பயன்படுத்தப்பட்டது. இத்தாலிய அரசு அதனை ஒப்புக்கொண்டது 1996இல்தான்.

தளபதி கிராசியானியின் வாழ்வைப் பின்தொடர்ந்தாலே இத்தொடர்ச்சி விளங்கிவிடும். பர்கா எனப்படும் கிழக்கு லிபியாவில் 1930இல் ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் தம் மேய்ச்சல் நிலங்களிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு முட்கம்பி முகாம்களில் அடைக்கப்பட்டபோது, அங்கே படைக்குத் தலைமை தாங்கியவர் அவரே. திருக்குர்ஆன் கற்பித்த ஆசிரியரான முதியவர் உமர் முக்தார் 1931 செப்டம்பர் 16 அன்று தூக்கிலிடப்பட்டதும் அவருடைய அதிகாரத்தில்தான். லிபியாவின் எதிர்ப்பை அடக்க எரித்திரியச் சிப்பாய்களை அனுப்பிய பேரரசு, பிறகு எத்தியோப்பியாவை வெல்ல லிபியச் சிப்பாய்களை அனுப்பிற்று. அடிமைப்பட்ட ஒருவனின் கையால் இன்னொருவனை அடிக்கும் சூழ்ச்சி அது.

1940 செப்டம்பரில் அதே கிராசியானி எகிப்தினுள் படை நடத்தினார். வீரர்களுள் பெரும்பாலோர் நடந்தே சென்றனர். லிபியரைக் கொண்ட இரு டிவிஷன்களும் உடன் சென்றன. டிசம்பரில் பிரிட்டிஷ் படை திருப்பித் தாக்கியது. 1941 பிப்ரவரிக்குள் ஏறத்தாழ 1,30,000 பேர் சிறைப்பட்டனர். இந்தத் தோல்வியை வைத்து இத்தாலியச் சிப்பாயைக் கோழை என நகைப்பது பல நாள் வழக்கம். அந்த நகைப்பும் நேர்மையற்றது. பழைய துப்பாக்கியையும் போதாத ஊர்தியையும் கொடுத்துப் பாலைக்கு அனுப்பியவர்கள் ரோமாபுரியில் பத்திரமாக இருந்தனர்.

ஆக, இப்பெட்டி இருவருக்கு அநீதி இழைக்கிறது. துப்பாக்கியின் எதிரில் நின்ற லிபியனையும் எத்தியோப்பியனையும் அது காட்டவில்லை. துப்பாக்கி ஏந்திய ஏழைக் குடியானவனின் துயரையும் காட்டவில்லை. பித்தானும் வாருமே வரலாறு என்று பிள்ளை எண்ணிவிட இது போதும்.

பொம்மை செய்வோரை மட்டும் நோவது முறையன்று. உமர் முக்தாரின் போராட்டத்தைக் காட்டிய 'லயன் ஆஃப் தி டெஸர்ட்' திரைப்படம் 1981இல் வெளியாயிற்று. இராணுவத்தின் மானத்திற்கு இழுக்கு எனக் கூறி 1982இல் இத்தாலி அதனைத் தடுத்தது. 2009இல்தான் அந்நாட்டுத் தொலைக்காட்சியில் அது காட்டப்பெற்றது. ஓர் அரசே கண்ணை மூடிக்கொண்டபோது, ஓர் அங்குலப் பொம்மையிடம் நாம் எவ்வளவு எதிர்பார்க்க முடியும்?

அதற்காகப் பெட்டியைப் பிடுங்கி எறிய வேண்டும் என்று நான் கூறமாட்டேன். நுணுக்கமான பொருள் கேள்வியை எழுப்புகிறது. அந்தச் சிறுவனும் அதனால்தான் கேட்டான். விடைகூறும் கடமை பெற்றோருடையது. அன்று சற்றுநேரம் கழித்து நான் அவனிடம் சொன்னேன்: "தம்பி, இவன் ஒரு விவசாயியின் மகனாக இருக்கலாம். தனக்குச் சொந்தமில்லாத மண்ணைப் பறிக்க இவனை அனுப்பினார்கள். இவன் போய்ச் செய்தது அநியாயம். இவனுக்கு நேர்ந்ததும் துன்பம்."

சிறுவன் சிறிது யோசித்தான். பிறகு அந்தச் சிப்பாயை அணியிலிருந்து எடுத்துத் தனியே வைத்துவிட்டு, "அந்த உமர் முக்தார் பொம்மை எங்கே கிடைக்கும்?" என்று கேட்டான்.