புட்டியில் அடைத்த தூய்மை

மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி, வகுப்பு முடிந்து இறங்கும்போது மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பையிலிருந்த பிஸ்கட்டை நீட்டினேன், வேண்டாம் என்றாள். “ஜூஸ் டயட் மேடம், மூணாவது நாள். தலை சுத்துது, ஆனா உடம்பு லேசா இருக்கு.” அடுத்த மாதம் அவளுக்கு நிச்சயதார்த்தம். முந்தைய பருவத்தில் கல்லூரியில் நடந்த மருத்துவ முகாமில் அவளுடைய ஹீமோகுளோபின் 9 என்று சீட்டு எழுதித் தந்திருந்தார்கள். அந்தச் சீட்டு தொலைந்துவிட்டது. ஜூஸ் விற்றவர்கள் தந்த துண்டறிக்கை மட்டும் நோட்டுக்குள் மடிப்புக் கலையாமல் இருந்தது.

இலக்கியம் கற்பிப்பவள் என்பதால் அந்தத் துண்டறிக்கையையும் ஒரு பிரதியாகவே வாசித்தேன். பிறகு இதே சரக்கை விற்கும் வேறு சில விளம்பரங்களையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் மூன்று சொற்கள் தவறாமல் வருகின்றன: நச்சு, லேசு, ஓய்வு.

முதலில் நச்சு. உடம்பில் நச்சு சேர்ந்திருக்கிறது, மூன்று நாள் சாறு அதைக் கழுவிவிடும் என்பது வாக்குறுதி. எந்த நச்சு என்று பெயர் சொல்வதில்லை. பெயர் சொன்னால் அளக்க வேண்டும். அளந்தால் குறைந்ததா என்று காட்ட வேண்டும். கல்லீரலும் சிறுநீரகங்களும் இந்த வேலையை இரவுபகலாகச் செய்துவருகின்றன. ‘டீடாக்ஸ்’ உணவுமுறைகள் குறித்து வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பரிசீலித்த 2015ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, அவை நச்சை நீக்குகின்றன என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்றே முடித்தது.

சான்றில்லாத இந்தச் சொல் பெண்களிடம் ஏன் இவ்வளவு எளிதாக ஒட்டிக்கொள்கிறது? உன் உடம்பில் அசுத்தம் இருக்கிறது என்பது நமக்குப் புதுச்செய்தி இல்லை. பூப்பெய்திய நாளில் தனித்தட்டும் தனிப்பாயும் தந்து ஓரமாக உட்காரவைத்தபோதே அது சொல்லப்பட்டுவிட்டது. தீட்டு என்ற சொல்லைக் கேட்டு இன்று கோபப்படுகிற பெண்கூட நச்சு என்ற சொல்லைக் கேட்டதும் பணத்தை எடுக்கிறாள். ஒன்று மதத்தின் குரலில் வந்தது, மற்றது அறிவியலின் குரலைப் போலி செய்துகொண்டு வருகிறது. இரண்டும் கேட்பது கழுவாயைத்தான்.

தலைவலி வந்தால் நச்சு வெளியேறுகிறது என்கிறார்கள். காலைக் காப்பியைத் திடீரென்று நிறுத்தினாலே தலை வலிக்கும். சாப்பாடு குறைந்தாலும் வலிக்கும். ஆனால் துன்பமே பலனுக்குச் சாட்சி என்று ஆக்கிவிட்டால், கேள்வி கேட்க இடமில்லை. நாக்கு வறள விரதமிருந்தால் புண்ணியம் கூடும் என்று பாட்டிகளிடம் சொன்ன அதே தர்க்கம் இது.

அடுத்தது லேசு. இதில் பாதி உண்மை இருக்கிறது. 2017இல் வெளியான ஓர் ஆய்வில் 20 பேர் மூன்று நாள் சாறு மட்டும் குடித்தார்கள். சராசரியாக 1.7 கிலோ குறைந்தது. வழக்கமான உணவுக்குத் திரும்பி இரண்டு வாரம் ஆனதும் அதில் ஏறத்தாழ பாதி திரும்பிவிட்டது. காரணம் எளியது. கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்துவைத்திருக்கும். குறைவாக உண்ணும்போது சேமிப்பு கரையும், கூடவே நீரும் போகும். எடைக்கருவியில் முதலில் இறங்குவதில் பெரும்பங்கு இந்த நீர்தான்.

சாறாகப் பிழியும்போது நார்ச்சத்து சக்கையோடு போய்விடுகிறது. எஞ்சும் சர்க்கரையைக் குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல் சேர்க்கிறது. முழுப் பழத்தை அப்படிச் சேர்ப்பதில்லை. 2025இல் வெளியான மற்றோர் ஆய்வு 14 பேரை வைத்து நடந்த சிறிய ஆய்வு. மூன்று நாள் சாறு மட்டும் குடித்தவர்களின் வாயில் அழற்சியோடு தொடர்புடைய பாக்டீரியாக்கள் கூடியிருந்ததை அது கண்டது.

ஆரோக்கியமாக உள்ள ஒருவரை மூன்று நாள் சாறு வீழ்த்திவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கருவுற்றவர்கள் ஆகியோருக்கு இது விளையாட்டு இல்லை. பசலைக்கீரையிலும் பீட்ரூட்டிலும் ஆக்சலேட் மிகுதி. அளவின்றிக் குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்களைப் பற்றி மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன.

நம் பெண்களில் எத்தனை பேர் அந்த ‘ஆரோக்கியமான ஒருவர்’? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 விழுக்காடு. பீட்ரூட்டின் சிவப்பு நம்மை ஏமாற்றுகிறது. அந்த நிறத்தைத் தருவது பீட்டாலைன் என்ற நிறமி. 100 கிராம் பீட்ரூட்டில் இரும்புச்சத்து சுமார் 1 மில்லிகிராம்தான். வளர்ந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். புரதம் பெயருக்குத்தான் இருக்கும். பாதிப்பேருக்கு இரத்தம் போதாத ஊரில், பெண்ணுக்கு என்ன மிஞ்சிவிட்டது என்று கழிக்கச் சொல்கிறார்கள்?

மூன்றாவது சொல் ஓய்வு. குடலுக்கு ஓய்வு கொடுங்கள் என்கிறது விளம்பரம். குடல் ஓய்வு கேட்டதாக எந்த மருத்துவரும் என்னிடம் சொன்னதில்லை. ஓய்வு கேட்கும் பெண்களை நிறையத் தெரியும். என் பக்கத்து வீட்டு அக்கா ஜூஸ் விரதமிருந்த மூன்று நாளும் கணவருக்கு இட்லி, பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ், மாமியாருக்கு உப்பில்லாக் குழம்பு என்று அடுப்படியில்தான் நின்றார். மிக்ஸியும் அவர்தான் கழுவினார். வெள்ளிக்கிழமை விரதத்திலும் அம்மா இப்படித்தான் வாயைக் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் சமைத்தாள். குடலுக்குக் கிடைத்த விடுமுறை கைகளுக்குக் கிடைக்கவில்லை.

பெண்ணின் தட்டைச் சுருக்கும் பட்டியல் நம் இலக்கியத்திலும் உண்டு. புறநானூற்றின் 246ஆம் பாடலில் பெருங்கோப்பெண்டு கைம்மை நோன்பின் உணவை எண்ணிச் சொல்கிறாள்: நெய் படாத சோறு, எள் துவையல், புளியிட்டு வேகவைத்த வேளைக்கீரை. அவள் அதைவிட மேலென்று தேர்ந்துகொண்ட தீயை நான் கொண்டாட மாட்டேன். ஆனால் அந்தப் பட்டியல் ஒரு தண்டனை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. நம் கையில் உள்ள பட்டியலில் ஆறு புட்டிகளும் ஒரு விலையும் இருப்பதால் அதை நம்மை நாமே கவனித்துக்கொள்வது என்கிறோம்.

அந்த மாணவியிடம் இவ்வளவும் பேசவில்லை. ஆசிரியர் அறைக்கு அழைத்துப்போய் என் டப்பாவைத் திறந்தேன்: சோறு, முருங்கைக்கீரைப் பொரியல், அவித்த முட்டை. முதலில் மறுத்தாள், பிறகு சாப்பிட்டாள். மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் மறுபடி இரத்தம் சோதித்து, அவர்கள் தந்த இரும்புச்சத்து மாத்திரையோடு வந்தாள். எலுமிச்சைச் சாற்றோடு எடுத்தால் இரும்பு நன்றாகச் சேரும், டீயோடு மட்டும் வேண்டாம் என்றேன். “அப்ப ஜூஸ் குடிக்கலாமா மேடம்?” என்று சிரித்தாள். தாராளமாகக் குடி, சாப்பாட்டுக்குப் பதிலாக மட்டும் வேண்டாம் என்றேன்.