நாற்காலி யார் சொல்லைக் கேட்கும்?

மின்சாரச் சக்கர நாற்காலி தோன்றி எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இரண்டாம் உலகப் போரில் கைகால் செயலிழந்த வீரர்களுக்காகக் கனடா நாட்டுத் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் கிளைன் என்னும் பொறியியலார் உருவாக்கிய நாற்காலி இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. மின்கலம், இரு மோட்டார்கள், ஜாய்ஸ்டிக் எனப்படும் ஒரு சிறு பிடி. பிடியை எப்பக்கம் சாய்க்கிறோமோ அப்பக்கம் வண்டி நகரும்.

பிடியைச் சாய்க்கும் கையே நடுங்கினால்? கண் பார்வை மங்கியிருந்தால்? 2000-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, நோயாளிகளுக்கு நாற்காலிப் பயிற்சி தரும் மருத்துவப் பணியாளரிடம் இதைக் கேட்டது. பயிற்சி பெற்றோரில் நூற்றுக்கு 9 அல்லது 10 பேருக்கு அன்றாட வாழ்வில் அதைப் பயன்படுத்துவது மிகக் கடினம் அல்லது இயலாதது என்றனர். வண்டியைத் திருப்புவது, நெருக்கமான இடத்தில் நகர்த்துவது பற்றித் தனியே கேட்டபோது அந்த எண் 40 ஆக உயர்ந்தது.

இவர்களுக்கு உதவத்தான் ரோபாட் இயலைச் சக்கர நாற்காலியில் ஏற்றினார்கள். இம்முயற்சிகளில் அதிகம் பேசப்பட்டது, 1990-களில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் உருவான 'நாவ்சேர்'. அதன் முன்புறப் பலகையில் செவிக்குக் கேளாத ஒலியை அனுப்பும் உணர்கருவிகள் வரிசையாகப் பொருத்தப்பட்டிருந்தன. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. ஒரு மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் மோதி எதிரொலி திரும்ப ஒரு நொடியில் ஆயிரத்தில் ஆறு பங்கு நேரம் ஆகும். அந்த நேரத்தை அளந்து, எத்திசையில் எவ்வளவு தடை என்று கணிப்பொறி ஒரு வரைபடம் போட்டுக்கொள்ளும்.

அடுத்த படிதான் நுட்பமானது. அமர்ந்திருப்பவர் பிடியைச் சாய்க்கும் திசைக்குக் குறைந்த மதிப்பும், அதிலிருந்து விலக விலகக் கூடுதல் மதிப்பும் தரப்படுகின்றன. இவற்றுடன் அந்தந்தத் திசையின் தடை மதிப்பைக் கூட்டி, எத்திசையில் கூட்டுத்தொகை மிகக் குறைவோ அத்திசையில் வண்டி திரும்புகிறது; தடை நெருங்க நெருங்க வேகமும் குறைகிறது. மனிதன் விரும்புவதையும் எந்திரம் அறிவதையும் ஒரே கணக்கில் இணைத்த இந்த யோசனை அழகானது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் அந்தக் கணக்கில் ஒரு பெரும் குறை உண்டு. எதிரொலி, பொருள் இருக்கும் தொலைவைச் சொல்லுமேயன்றி அது என்ன பொருள் என்று சொல்லாது. உணவு மேசை, கதவு நிலை, எதிரே நின்று பேசும் தங்கை, யாவும் அதற்குத் தடைகளே. ஆனால் நாற்காலியில் இருப்பவர் போக விரும்புவது பெரும்பாலும் இந்தத் 'தடை'களிடம்தான். சாப்பிட மேசையை ஒட்டி நிற்க வேண்டும். பேச வேண்டுமானால் முகத்துக்கு முகம் வர வேண்டும். எல்லாவற்றிலிருந்தும் விலகி ஓடும் வண்டி அவரை அறையின் நடுவே கொண்டுபோய் நிறுத்திவிடும்.

மிச்சிகன் குழுவினர் இதை அறியாதவர் அல்லர். பொதுவாகத் தடைகளைத் தவிர்ப்பது, கதவைக் கடப்பது, சுவரோரமாகச் செல்வது என மூன்று முறைகளை அமைத்தார்கள். இப்போது எந்த முறை வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வேலையையும் கணிப்பொறியிடமே ஒப்படைக்க முயன்றார்கள். இங்குதான் எனக்கு உடன்பாடில்லை. கணிப்பொறி என்ன நினைக்கிறது என்பதை இப்போது அமர்ந்திருப்பவர் ஊகிக்க வேண்டியதாகிறது. வண்டி இடப்பக்கம் ஒதுங்கினால், தம் கை நடுங்கியதா, எந்திரம் திருப்பியதா என்று அவருக்குத் தெரியாது. கையின் அசைவுக்கும் வண்டியின் அசைவுக்கும் உள்ள தொடர்பைக் கற்கவே திண்டாடும் ஒருவருக்கு அந்தத் தொடர்பையே குழப்பிவிட்டால் எப்படிப் பழகுவார்?

அக்குழுவில் பணியாற்றிய ரிச்சர்ட் சிம்ப்சன் 2005-இல் இத்துறை முழுவதையும் மதிப்பிட்டு எழுதினார். உடல் ஊனமுற்றவர்களைக் கொண்டு தங்கள் நாற்காலிகளைச் சோதித்த ஆய்வாளர்கள் மிகச் சிலரே என்று அதில் அவர் ஒளிக்காமல் கூறுகிறார். நலமானவர்கள் ஏறி ஓட்டிப் பார்த்து, எத்தனை முறை மோதியது என்று எண்ணினால் ஆய்வுக் கட்டுரை எழுதலாம். மோதலை மட்டுமே எண்ணினால், இடத்தை விட்டு அசையாத நாற்காலிக்கே முதற் பரிசு தர வேண்டியிருக்கும்! சோதனை முடிந்ததும் அவர்கள் எழுந்து நடந்து போய்விடுகிறார்கள் என்பதையும் மறக்கலாகாது.

இதற்கு நேர்மாறானது ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 1987-இல் தொடங்கிய முயற்சி. அங்கு கால் சென்டர் என்னும் நிலையத்தில், கடும் ஊனமுள்ள குழந்தைகளுக்காகப் பால் நிஸ்பெட் குழுவினர் ஒரு நாற்காலியை அமைத்தார்கள். அது முட்டினால் உணர்ந்து நின்றுவிடும். தரையில் ஒட்டிய கோட்டைப் பின்பற்றிச் செல்லும். மிச்சிகன் கணக்கோடு ஒப்பிட்டால் இது வெறும் விளையாட்டுப் பொம்மை. ஆனால் அது குழந்தைகள் கற்பதற்கான கருவியாயிற்று. குழந்தை தேற, ஆசிரியர் உதவிகளை ஒவ்வொன்றாகக் குறைக்கலாம். தன் செயலால் வண்டி என்ன செய்தது என்பது குழந்தைக்கு விளங்கும். பின்னர் இது விற்பனைக்கும் வந்தது.

இன்றைய நிலையில் உணர்கருவிகள் வெகுவாக முன்னேறியுள்ளன. 2020-இல் அமெரிக்காவில் சந்தைக்கு வந்த 'லூசி' என்னும் இணைப்புக் கருவி, ஒளிப்படக் கருவி, ராடார், கேளா ஒலி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பயன்படுத்துகிறது. நடைபாதை விளிம்பின் பள்ளத்தையும் கண்டறிகிறது. அதே ஆண்டு டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில், பயணியை ஏற்றிக்கொண்டு வாயிலுக்குத் தானே செல்லும் 'வில்' நாற்காலிகள் ஓடத் தொடங்கின. விமான நிலையத்தில் போகுமிடம் முன்பே தெரியும். ஆதலால் முழுத் தானியக்கம் பொருந்தும். வீட்டுக்குள் அப்படியல்ல.

இத்தனை சொன்னாலும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மறதி நோயுள்ள முதியோர், பிறர்மீது மோதிவிடுவர் என்ற அச்சத்தால், முதியோர் இல்லங்களில் மின் நாற்காலி மறுக்கப்படுவதுண்டு. அவர்களுக்கு, தடுத்து நிறுத்தும் எந்திரம்கூட நாற்காலி கிடைப்பதற்கு வழி ஆகலாம். ஆளோடு சேர்ந்து இருநூறு கிலோவை எட்டக்கூடிய வண்டி அது; பிறர் கால்களுக்கும் பாதுகாப்பு வேண்டும்.

எனினும் மற்றவர்களுக்கு, டொராண்டோவின் பூஜா விஸ்வநாதன் தொடங்கிய 'பிரேஸ் மொபிலிட்டி' நிறுவனத்தின் வழியே எனக்குச் சரியாகப் படுகிறது. அவர்களுடைய உணர்கருவி பின்புறத்தைப் பார்த்துக்கொண்டு, விளக்காலும் ஒலியாலும் அதிர்வாலும் எச்சரிக்கும். கழுத்தைத் திருப்ப இயலாதவர் அதைக் கேட்டு, பிடியைத் தாமே சாய்க்கிறார்.